தங்கப் படலத்தைக் கொண்டு வாயு அழுத்தம் அளப்பது: எஸ்பிஆர் உணரியை மேசை மேல் கட்டி முடிக்க ஒரு முழு வழிகாட்டி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது பிடிபட்டுவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். தங்கப் படலத்துக்கு அழுத்தம் தெரியாது. அதற்குத் தெரிவது தன் மேல் ஒட்டி நிற்கும் வாயுவின் ஒளிவிலகல் எண் (வெற்றிடத்தைவிட அதில் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்பது) மட்டும்தான். அந்த எண் வாயுவின் அடர்த்தியோடு ஏறி இறங்கும், அடர்த்தி அழுத்தத்தோடும் வெப்பநிலையோடும் ஏறி இறங்கும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியை மறந்தாலும் உங்கள் உணரி அழகாக ஒரு எண்ணைக் காட்டும், அது அழுத்தமாக இருக்காது. பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு, சுருக்கமாக எஸ்பிஆர், பற்றிப் படிக்க நிறைய இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் திரவத்துக்கும் உயிர்மூலக்கூறு ஆய்வுக்கும் எழுதப்பட்டவை. வாயுவுக்கு அதே அமைப்பை அப்படியே எடுத்து வந்தால் முதல் வாரமே கைவிட்டுவிடுவீர்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

கண்ணாடி முப்பட்டகத்தின் ஒரு முகத்தில் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசியிருக்கிறோம். கண்ணாடிக்குள்ளிருந்து லேசர் அந்த முகத்தில் சாய்வாகப் படுகிறது. மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிவிட்டால் முழு அக எதிரொளிப்பு, ஒளி எல்லாம் திரும்பி வர வேண்டும். ஆனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் ஒளி தங்கத்தின் வெளிப்பக்கத்து எலக்ட்ரான்களை அலையாக ஓட வைத்து, அதிலேயே தன் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, திரும்பாமல் போய்விடுகிறது. எதிரொளியைக் கோணத்துக்கு எதிராக வரைந்தால் அந்த இடத்தில் ஒரு ஆழமான பள்ளம் தெரியும். அந்த எலக்ட்ரான் அலையின் புலம் வாயுவுக்குள் சுமார் 300 நானோமீட்டர் வரைதான் நீள்கிறது, அங்கே இருக்கும் வாயு எவ்வளவு அடர்த்தியோ அதற்கேற்பப் பள்ளம் இடம் நகர்கிறது. இவ்வளவுதான் கருவி.

இந்த அமைப்பை 1968-இல் க்ரெட்ஷ்மான், ரேதர் என்ற இயற்பியலாளர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு ஓட்டோ இன்னொரு வடிவத்தைக் கொடுத்தார், அதில் கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி இருக்கும். அடிப்படை விளைவை 1902-லேயே வுட் என்ற இயற்பியலாளர், நெருக்கமாகக் கோடுகள் கீறிய வரிப்பள்ளத் தகட்டில் பார்த்துவிட்டார், விளக்கம்தான் தாமதமாக வந்தது. வாயுவைக் கண்டறிய இதைப் பயன்படுத்தலாம் என்று 1983-இல் ஸ்வீடனைச் சேர்ந்த லைட்பெர்க், நைலாண்டர், லுண்ட்ஸ்ட்ரோம் மூவரும் காட்டினார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

கட்டத் தொடங்கும் முன் ஒரு கணக்கு

இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டாம். காற்றின் ஒளிவிலகல் எண், 20 டிகிரி செல்சியஸில், வளிமண்டல அழுத்தத்தில், சிவப்பு லேசருக்கு 1.00027. வெற்றிடத்துக்கு 1. அறையில் இருக்கும் காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்தாலும் மாறப்போவது அந்தக் கடைசி 0.00027 மட்டும்தான். 1 கிலோபாஸ்கலுக்கு என்று பார்த்தால் 10 லட்சத்தில் 2.7 பங்கு.

பிகே7 என்ற ஒளியியல் கண்ணாடி, 632.8 நானோமீட்டர் ஹீலியம்-நியான் லேசர், தங்கம் என்று வைத்துக்கொண்டால், கண்ணாடிக்குள் மாறுநிலைக் கோணம் 41.3 டிகிரி, பள்ளம் 43.7 டிகிரிக்குப் பக்கத்தில். ஒளிவிலகல் எண் முழுதாக 1 மாறினால் பள்ளம் 60 டிகிரி நகரும் என்ற வீதத்தில் வருகிறது, ஆக 1 பார் (100 கிலோபாஸ்கல், ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) மாற்றத்துக்கு 0.016 டிகிரி. பள்ளத்தின் அகலமோ ஏறக்குறைய 1 டிகிரி. 60 அடி அகல வாய்க்கால் ஒரு அடி தள்ளிப் போயிருக்கிறதா என்று கரையில் நின்று சொல்லச் சொல்கிற மாதிரியான வேலை இது. முடியாத காரியம் இல்லை, ஆனால் மேசை ஆடினாலும் ஏசி ஓடினாலும் அந்த ஒரு அடி அதற்குள் காணாமல் போய்விடும்.

இன்னொன்றும் செய்யுங்கள். வரக்கூடிய ஒவ்வொரு பிழையையும் "இது எத்தனை பாருக்குச் சமம்" என்று மாற்றி எழுதிப் பழகுங்கள். கீழே நான் எல்லாவற்றையும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன், எது முக்கியம் எது முக்கியமில்லை என்பது அப்போதுதான் கண்ணில் படும்.

படி 1: லேசரும் முப்பட்டகமும்

லேசரில் காசு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். தங்கத்தின் ஒளியியல் பண்பு நிறத்தோடு வேகமாக மாறுகிறது. 633 நானோமீட்டர் பகுதியில் லேசரின் அலைநீளம் 1 நானோமீட்டர் நகர்ந்தால் பள்ளம் நகரும் தூரம் தோராயமாக 1 பார் அழுத்தத்துக்குச் சமம். சாதாரண சிவப்பு டையோடு லேசர், வெப்பநிலை 1 டிகிரி கூடினால் 0.2 நானோமீட்டர் போல நகரும். அறை 1 டிகிரி சூடானால் 0.2 பார் பொய்! ஹீலியம்-நியானில் இந்தத் தொல்லை இல்லை. பழைய ஆய்வகங்களில் தூசி படிந்து ஒன்று கிடக்கும், 1 மில்லிவாட் போதும், நேர்கோட்டுப் போலரைசேஷன் (ஒளியின் மின்புலம் ஒரே திசையில் அதிர்வது) உள்ளதாக எடுங்கள். ஆன் செய்து அரை மணி நேரமாவது சூடாக விட்டுவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். 1 மில்லிவாட்தானே என்று கண்ணை நேராகக் கொண்டுபோக வேண்டாம், முப்பட்டகத்தைத் திருப்பும்போது எதிரொளி எங்கெங்கோ போகும், கற்றையைக் கண் மட்டத்துக்குக் கீழேயே வையுங்கள்.

முப்பட்டகத்துக்கு அரை உருளை வடிவம் நல்லது என்று எழுதியிருப்பார்கள். வாயுவுக்கு எனக்குப் பிடித்தது சாதாரண செங்கோண முப்பட்டகம்தான், காரணம் இருக்கிறது. நீண்ட முகத்தில் தங்கம், குட்டை முகம் வழியாக ஒளி. குட்டை முகத்துக்குச் செங்குத்தாக ஒளி நுழைந்தால் தங்கத்தில் 45 டிகிரியில் படும். நமக்கு வேண்டியது 43.7. வெளியே இருந்து பார்த்தால் செங்குத்திலிருந்து 2 டிகிரி திருப்பினால் பள்ளம், 5.6 டிகிரி திருப்பினால் மாறுநிலைக் கோணம். எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கோணத்தை வெளியே அளக்கும்போது நகர்வும் ஒன்றரை மடங்காகிறது, 1 பாருக்கு 0.024 டிகிரி.

படி 2: தங்கம்

45 முதல் 50 நானோமீட்டர். 30 ஆக மெலிந்தால் பள்ளம் அகன்று ஆழம் குறையும், 70 ஆகத் தடித்தால் மறுபக்கத்துக்குப் போதுமான ஒளி போய்ச் சேராது. தங்கம் கண்ணாடியில் நேராக ஒட்டாது, அடியில் 2 நானோமீட்டர் குரோமியமோ டைட்டானியமோ வேண்டும், அதற்கு மேல் போனால் பள்ளம் மழுங்கும். முப்பட்டகத்திலேயே பூசினால் ஒவ்வொரு முறை படலம் கெடும்போதும் முப்பட்டகத்தையே அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் அதே கண்ணாடியில் செய்த தட்டைத் தகட்டில் பூசி, ஒளிவிலகல் எண் பொருந்தும் எண்ணெய் ஒரு சொட்டு விட்டு ஒட்டுகிறார்கள். திரவ வேலைக்குச் சரி. அழுத்தம் ஏறும் அறைக்கு எனக்கு அது பிடிக்கவில்லை, அழுத்தம் ஏறும்போது எண்ணெய்ப் படலம் மெல்ல நசுங்கி நகர்கிறது, மணிக்கணக்கில் பூஜ்யம் ஊர்ந்துகொண்டே இருக்கும். நேராக முப்பட்டகத்தில் பூசுங்கள், ஒன்றுக்கு மூன்றாகப் பூசி வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி போட்டால் பள்ளம் கூர்மையாக வரும், உண்மைதான். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டுச் சில நாளில் கறுத்துவிடும். முழுக்க மூடிய, சுத்தமான நைட்ரஜன் மட்டும் போகும் அமைப்பு என்றால் யோசிக்கலாம்.

படி 3: அழுத்த அறை, இங்கேதான் நிறையப் பேர் தோற்கிறார்கள்

ஒரு உலோகக் கட்டையில் குழி, அதைச் சுற்றி ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், அதன் மேல் முப்பட்டகத்தின் தங்க முகம், பின்னால் ஒரு தகட்டால் இறுக்கம். கட்டையில் வாயு உள்ளே போக ஒரு துளை, வெளியே வர ஒன்று, வெப்பநிலை உணரிக்கு ஒன்று. படம் வரைந்தால் பத்து நிமிட வேலை.

இப்போது விசையைப் பாருங்கள். ஓ-ரிங்கின் உள்விட்டம் 20 மில்லிமீட்டர், அழுத்தம் 5 பார் என்றால் முப்பட்டகத்தை 157 நியூட்டன் விசை வெளியே தள்ளுகிறது, 16 கிலோ எடையைத் தூக்கி வைத்த மாதிரி. ரப்பர் நசுங்கி விரிகிறது. இரண்டு பக்கமும் சமமாக நசுங்கினால் பரவாயில்லை. ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தைவிட 8 அல்லது 9 மைக்ரான் கூடுதலாக நகர்ந்தால், அந்தச் சாய்வு மட்டுமே 1 பார் மாற்றம் போலத் தெரியும். தலைமுடியின் தடிமனில் எட்டில் ஒரு பங்குகூட வராது அது. எங்கள் முதல் அமைப்பில் வரைபடம் பார்க்கப் பிரமாதமான நேர்கோடாக வந்தது, கணக்கில் வந்ததைப் போல மூன்று மடங்கு உணர்திறன்! இரண்டு நாள் சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, நாங்கள் அளந்துகொண்டிருந்தது வாயுவை இல்லை, ரப்பர் வளையம் நசுங்குவதை.

அதனால் ஓ-ரிங்கை அதன் ஆழத்துக்குக் குடைந்த பள்ளத்தில் உட்கார வைத்து, முப்பட்டகம் மூன்று சிறு உலோக மேடுகள் மேல் நேராகத் தாங்கி நிற்கும்படி செய்யுங்கள். ரப்பரின் வேலை கசிவைத் தடுப்பது மட்டும், கண்ணாடியைத் தாங்குவது உலோகம். பின்னால் இறுக்கும் விசை அதிகபட்ச அழுத்தம் தள்ளும் விசையைவிட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும், அப்போதுதான் கண்ணாடி மேட்டை விட்டு எழாது. ஓ-ரிங்கின் விட்டத்தைக் குறைத்தால் விசை அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும், 20-க்குப் பதில் 10 மில்லிமீட்டர் போட்டால் விசை நாலில் ஒன்று. கற்றை 1 மில்லிமீட்டர்தான், உங்களுக்கு எதற்கு அகலமான ஜன்னல்? கண்ணாடிக்கு முன்னால் தடித்த பாலிகார்பனேட் தடுப்பு ஒன்று கட்டாயம் வேண்டும், அழுத்தம் ஏறியிருக்கும்போது முகத்தை அருகே கொண்டுபோகாதீர்கள்.

படி 4: பள்ளத்தைக் கண்டுபிடிப்பது

அறையில் இன்னும் வாயு ஏற்ற வேண்டாம், சாதாரணக் காற்றே இருக்கட்டும். முப்பட்டகத்தைச் சுழல் மேடையில் வைத்து, குட்டை முகத்திலிருந்து திரும்பும் மெல்லிய எதிரொளி லேசரின் வாய்க்கே போய்ச் சேரும்வரை திருப்புங்கள். அது உங்கள் 45 டிகிரி, மேடையின் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இனி தங்கத்தில் படும் கோணம் குறையும் பக்கமாக மெல்லத் திருப்ப வேண்டும். எதிர்ப்பக்கம் திருப்பினால் ஒன்றும் நடக்காது, வெளிச்சம் வெளிச்சமாகவே இருக்கும், அதுவே நீங்கள் தப்பாகப் போகிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

வெளியே வரும் கற்றைக்கு எதிரே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். 1 டிகிரி தாண்டியதும் சிவப்புப் புள்ளி மங்கத் தொடங்கும். 2 டிகிரியில் ஏறக்குறைய அணைந்தே போகும், அது வெறும் கண்ணுக்கே தெரியும். இன்னும் திருப்பினால் மறுபடி பிரகாசம், 5.6 டிகிரியில் மாறுநிலைக் கோணத்தில் மீண்டும் ஒரு சரிவு. முதல் முறை பார்க்கும்போது உடம்பு சிலிர்க்கும், ஒளியை விழுங்கிக்கொண்டிருப்பது கண்ணுக்கே தெரியாத எலக்ட்ரான் அலை. அது தங்கத்தின் மேல் 10 மைக்ரான் தூரம் ஓடுவதற்குள் அடங்கிவிடுகிறது.

பள்ளம் வரவில்லையா? லேசருக்கு முன்னால் இருக்கும் போலரைசரை, அதாவது ஒளியின் அதிர்வுத் திசையைத் தேர்ந்தெடுக்கும் வடிகட்டியைப் பாருங்கள். மின்புலம் படுதளத்துக்குள்ளேயே (படும் கற்றையும் எதிரொளிக் கற்றையும் கிடக்கும் தளம்) அதிர வேண்டும், ஆய்வகத்தில் பி-போலரைசேஷன் என்போமே, அது. 90 டிகிரி திருப்பினால் பள்ளம் முழுக்க மறைய வேண்டும். மறையாவிட்டால் நீங்கள் பார்த்தது பிளாஸ்மான் இல்லை, தங்கத்தில் ஏதாவது கீறலாக இருக்கும். பள்ளம் இருக்கிறது ஆனால் அடி வரை இறங்கவில்லை என்றால் படலத் தடிமன் தவறு, அதோடு சமாளித்து ஓட்டலாம்.

படி 5: எங்கே நிற்பது

பள்ளத்தின் அடியில் நின்றால் பயனில்லை, அங்கே சரிவு பூஜ்யம். சுவரில் நிற்க வேண்டும், எதிரொளி முழு அளவில் கால்வாசியாக இருக்கும் இடத்தில் சரிவு மிக அதிகம். பள்ளத்தின் அடியிலிருந்து வெளிக்கோணத்தில் ஏறக்குறைய 0.45 டிகிரி தள்ளி. கோணம் குறைந்த பக்கத்துச் சுவரில் நின்றால் அழுத்தம் ஏறும்போது வெளிச்சம் கூடும், கூடிய பக்கத்தில் நின்றால் குறையும். இரண்டையும் முயன்று எது செங்குத்தோ அதை வைத்துக்கொண்டு மேடையைப் பூட்டிவிடுங்கள். இனி அதைத் தொடக் கூடாது.

அங்கே நின்றால் 1 கிலோபாஸ்கலுக்கு வெளிச்சம் 0.08 சதவீதம்தான் மாறும். லேசரின் வெளிச்சமே 1 சதவீதம் ஏறி இறங்கினால் 12 கிலோபாஸ்கல் போய்விட்டது. அதனால் எதிரொளியை அளக்கும் போட்டோடையோடு (வெளிச்சத்தை மின்சிக்னலாக்கும் உணரி) போக, இரண்டாவது போட்டோடையோடும் அவசியம், கற்றையைப் பிரித்து ஒரு பங்கை நேராக அதற்கு அனுப்பி, இரண்டின் விகிதத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். பிரிப்பது போலரைசருக்குப் பிறகுதான் இருக்க வேண்டும். முன்னால் பிரித்தால், போலரைசேஷன் சற்று ஆடும்போது ஒரு டையோடுக்குத் தெரியும் மாற்றம் இன்னொன்றுக்குத் தெரியாது, விகிதம் எடுத்தும் பிரயோஜனம் இல்லை. விகிதத்தை 0.01 சதவீதம் வரை நிலையாக்க முடிந்தால் 120 பாஸ்கல் அளவுக்குப் பிரித்தறியலாம். கற்றையைச் சாப்பர் என்ற சுழலும் தகடு வைத்து விட்டு விட்டு வெட்டி, அந்தத் தாளத்தில் வரும் சிக்னலை மட்டும் பொறுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையரில் எடுத்தால் இன்னும் கீழே போகலாம். சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி 12 பிட்டாக இருந்தால் முழு அளவையும் நிரப்பும்படி பெருக்கினாலும் ஒரு எண்ணிக்கைக்கு 300 பாஸ்கல் வரும், 16 பிட் வாங்குங்கள்.

5 பார் ஏறினாலும் பள்ளம் 0.08 டிகிரிதான் நகரும், சுவரை விட்டு வெளியே போகாது. 10 பார் வரைகூட இடத்தை மாற்றாமல் வேலை செய்யலாம், வளைவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். நகர்வு சின்னது என்று இவ்வளவு நேரம் அழுதோமே, அதன் நல்ல பக்கம் இது.

வசதி இருந்தால் வேறு வழியும் உண்டு. கற்றையை லென்ஸால் குவித்து ஒரே நேரத்தில் பல கோணங்களை விழவைத்து, வரி கேமராவில் பள்ளம் முழுவதையும் படம் பிடித்து, அதன் மையத்தைக் கணக்கிட்டு எடுப்பது. வெளிச்ச ஏற்ற இறக்கம் பாதிக்காது, நகரும் பாகம் எதுவுமில்லை. இரண்டாவது கருவி கட்டும்போது நான் இதற்குத்தான் போவேன். முதல் கருவிக்கு இரண்டு போட்டோடையோடு போதும்.

படி 6: வாயுவை உலர்த்துங்கள், தயவுசெய்து

கணக்கைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். தங்கத்தின் மேல் ஒட்டும் நீர் சராசரியாக 0.1 நானோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நீர் மூலக்கூறின் உயரம்கூட வராது. அது பள்ளத்தை நகர்த்தும் அளவு அரை பாருக்கு மேல். வாயுவில் கலந்திருக்கும் ஈரப்பதத்தின் நேரடி விளைவு இதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. 20 டிகிரியில் உலர்ந்த காற்றிலிருந்து முழு ஈரக் காற்றுக்கு மாறினாலும் ஒளிவிலகல் எண்ணில் 300 சொச்சம் பாஸ்கல் அளவுதான் வித்தியாசம். ஒட்டுவதுதான் எமன். சென்னை மாதிரி கடலோர ஊரில் திறந்து வைத்த அழுத்த அறையை மூடி நேராக அளக்கத் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் நீங்கள் பார்ப்பது நீர் மெல்ல மெல்லக் கிளம்பிப் போவதைத்தான்.

சிலிண்டரிலிருந்து வரும் உலர் நைட்ரஜனையும் மூலக்கூறு சல்லடை (ஈரத்தை உறிஞ்சும் நுண்துளைக் குருணை) நிரப்பிய குழாய் வழியாகவே விடுங்கள். அழுத்த அறையை 40 டிகிரிக்குச் சூடாக்கி, மெல்லிய ஓட்டத்தில் இரவு முழுக்க ஓடவிட்டு, மறுநாள் காலையில் அளக்கத் தொடங்குங்கள். அளக்கும்போதும் அறையை 40-இலேயே வைத்திருந்தால் இன்னும் நல்லது, அறைக் காற்றைவிடச் சூடாக இருக்கும் எதையும் ஒரே வெப்பநிலையில் நிறுத்துவது சுலபம். பிளாஸ்டிக் குழாய்கள் ஈரத்தை உள்ளே விடும், செம்போ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். நைட்ரஜன் வெளியேறும் குழாயை மூடிய சின்ன அறைக்குள் விட வேண்டாம், ஜன்னல் வழியாக வெளியே.

படி 7: அளவீடு சரிபார்ப்பு, ஹீலியம் தந்திரம்

ரெகுலேட்டர், உள்ளே விடும் வால்வு, வெளியே விடும் வால்வு, நம்பகமான ஒரு அழுத்த கேஜ், வாயுவுக்குள்ளேயே நீளும் பிடி100 வெப்பநிலை உணரி. உலோகத்தில் ஒட்டிய உணரி உலோகத்தின் வெப்பநிலையைச் சொல்லும், வாயுவுடையதை இல்லை. 1 பாரில் 1 டிகிரி தவறு என்றால் 340 பாஸ்கல் தவறு, 5 பாரில் அதே 1 டிகிரி 1,700 பாஸ்கல்.

அழுத்தத்தை 1 பாரிலிருந்து 5 வரை அரை அரை பாராக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள், ஏனென்றால் வேகமாக அழுத்தும்போது வாயு சூடாகிறது, சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுமே, அதேதான். எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை அளவுகள் ஊர்ந்துகொண்டிருக்கும். அவசரப்பட்டவர்களின் வரைபடத்தில் ஏறும் கோடு ஒன்று, இறங்கும் கோடு ஒன்று என்று இரண்டாகப் பிரிந்திருப்பது இதனால்தான். ஏற்றியதைப் போலவே இறக்கியும் பதிவு செய்யுங்கள். இரண்டு கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்று விழ வேண்டும்.

இப்போது கேள்வி: வந்த கோட்டின் சரிவில் வாயுவின் பங்கு எவ்வளவு, கண்ணாடி சாய்ந்ததன் பங்கு எவ்வளவு? இதற்கு ஹீலியத்தைவிட நல்ல நண்பன் கிடையாது. 0 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில் நைட்ரஜன் ஒளிவிலகல் எண்ணில் 1-க்கு மேல் 0.000298 கூட்டுகிறது, ஹீலியம் 0.000035 மட்டும். எட்டில் ஒரு பங்குதான். ஆனால் 5 பார் ஹீலியமும் 5 பார் நைட்ரஜனும் கண்ணாடியைத் தள்ளும் விசை ஒன்றே. முழு ஓட்டத்தையும் ஹீலியத்தில் திரும்பச் செய்யுங்கள். சரிவு நைட்ரஜனுடையதில் எட்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் வந்தால் உங்கள் அறை உறுதியாக இருக்கிறது. பாதி வந்தது என்றால் கண்ணாடி ஆடுகிறது, படி 3-க்குத் திரும்புங்கள். இரண்டு சரிவுகளுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்தால் இயந்திர அசைவு அடிபட்டுப் போய் வாயுவின் பங்கு மட்டும் சுத்தமாக நிற்கும், அதை முன்பு போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள். இந்தச் சோதனை இல்லாத எஸ்பிஆர் அழுத்த வரைபடம் எதையும் நான் நம்புவதில்லை.

படி 8: எண்ணை அழுத்தமாக்குவது

சிக்னலை அழுத்தத்துக்கு எதிராக வரையாதீர்கள். அழுத்தத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்து, அதற்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வரும். பயன்படுத்தும்போது சிக்னலிலிருந்து அந்த விகிதத்தைப் படித்து, அப்போதைய கெல்வின் வெப்பநிலையால் பெருக்கினால் அழுத்தம். நைட்ரஜனுக்கு 5 பார் வரை இலட்சிய வாயுச் சமன்பாடே போதும், பிழை 0.1 சதவீதம் அளவில்தான். கார்பன் டை ஆக்சைடு என்றால் அதே 5 பாரில் இரண்டரை சதவீதம் விலகும், திருத்தம் போட வேண்டும். அதன் ஒளிவிலகலும் நைட்ரஜனைப் போல ஒன்றரை மடங்கு, ஆகவே ஒரு வாயுவுக்குச் சரிபார்த்த கருவியை இன்னொரு வாயுவுக்கு அப்படியே பயன்படுத்த முடியாது. வாயுக் கலவை தெரியாத இடத்தில் இந்த உணரியால் அழுத்தம் சொல்ல முடியாது, அங்கே இதை வைக்காதீர்கள்.

சிலர் கேட்பார்கள், சில நூறு ரூபாய்க்குச் சிலிக்கான் அழுத்த உணரி கிடைக்கும்போது இது எதற்கு என்று. நியாயமான கேள்வி. வெறும் அழுத்தம் மட்டும் வேண்டும் என்றால் சிலிக்கானை வாங்குங்கள். தீப்பற்றும் வாயு இருக்கும் இடத்தில் மின்கம்பியே உள்ளே போகக் கூடாது என்றாலோ, வலுவான மின்காந்த இரைச்சலுக்கு நடுவே அளக்க வேண்டும் என்றாலோ, அடர்த்தியைத்தான் உண்மையில் அறிய வேண்டும் என்றாலோ இது கைகொடுக்கும். ஒளிவிலகல் எண்ணிலிருந்து அழுத்தத்தை எடுப்பது மட்டமான வழி ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் தேசிய அளவியல் நிறுவனமான நிஸ்ட், பாதரச அழுத்தமானிகளுக்கு மாற்றாக, எதிரெதிரான இரண்டு எதிரொளிப்பு ஆடிகளுக்கு நடுவே லேசரை ஓடவிட்டு வாயுவின் ஒளிவிலகலிலிருந்து பாஸ்கலையே வரையறுக்கும் கருவியைக் கட்டியிருக்கிறது. அவர்கள் பயன்படுத்துவது பிளாஸ்மான் இல்லை, ஒளிக் குழிவு. ஆனால் சங்கிலி அதே சங்கிலிதான்: ஒளிவிலகல், அடர்த்தி, வெப்பநிலை, அழுத்தம்.

ஒளியிழையில் செய்யலாமா

உறையை உரித்த பல்முறை ஒளியிழையில் (ஒளி பல பாதைகளில் ஓடும் இழை) தங்கம் பூசி வாயுவில் நீட்டினால் நேராக வேலை செய்யாது. இழைக்குள் ஓடும் ஒளி தங்கத்தின் மேல் மிகவும் படுத்த கோணத்தில் விழுகிறது, அதற்குப் பொருந்தும் பிளாஸ்மான் திரவத்தில் கிடைக்கும், வாயுவில் கிடைக்காது. இழையைச் சூடாக்கி இழுத்து மெலிவாக்குவது, தங்கத்தின் மேல் ஒளிவிலகல் அதிகமுள்ள ஆக்சைடு படலம் போடுவது, சாய்வான பிராக் வரிகளை (இழைக்குள் ஒளிவிலகல் சீராக மாறி மாறி வரும் கோடுகள்) எழுதி ஒளியை உறைக்குத் திருப்புவது என்று வழிகள் இருக்கின்றன. கடைசி வழியில் மிக நுட்பமான வாயு அளவீடுகள் வந்திருக்கின்றன. முப்பட்டகத்தில் கை பழகாமல் அதில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து. அப்புறம் ஓட்டோ அமைப்பில் ஒரு மெல்லிய சவ்வு அழுத்தத்தால் வளைந்து இடைவெளியை மாற்றும்படி செய்வார்கள். அதில் வாயுவின் ஒளிவிலகல் முக்கியமில்லை, சவ்வின் வளைவுதான் சிக்னல். உணர்திறன் மிக அதிகம், ஆனால் சில நூறு நானோமீட்டர் இடைவெளியில் ஒரு தூசி விழுந்தால் முடிந்தது கதை.

கடைசிச் சோதனை

எல்லாம் ஓடுகிறது என்று தோன்றிய பிறகு இதைச் செய்யுங்கள். அறையில் 1 பார் உலர் நைட்ரஜன் நிரப்பி, வால்வுகளை அறையின் வாயிலேயே மூடுங்கள், நீளக் குழாயில் குளிர்ந்த வாயு தங்கினால் சோதனை கெடும். இப்போது அழுத்த அறை முழுவதையும் 5 டிகிரி சூடாக்குங்கள். கேஜ் 1.7 கிலோபாஸ்கல் ஏறும். எஸ்பிஆர் சிக்னல் ஏறக் கூடாது, உள்ளே இருக்கும் வாயுவின் அளவு மாறவில்லை, அடர்த்தி அதேதான். அப்படியும் சிக்னல் நகர்ந்தால் அது கண்ணாடியும் தாங்கியும் சூடாவதால் வரும் நகர்வு. கண்ணாடியின் ஒளிவிலகல் வெப்பத்தில் மாறுவது மட்டுமே 1 டிகிரிக்குச் சில நூறு பாஸ்கல் அளவில் இருக்கும், ஆகவே பூஜ்யத்தை எதிர்பார்க்க வேண்டாம். வந்த எண்ணை 5-ஆல் வகுத்து, நோட்டில் "தாங்கி நகர்வு, ஒரு டிகிரிக்கு" என்று எழுதி, படி 8-இன் கணக்கில் கழித்துவிடுங்கள். முப்பட்டகத்தைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைத் திரும்பச் செய்யுங்கள், அந்த எண் ஒவ்வொரு முறையும் மாறும்.